யார் வைத்த சூடு

லாண்டரியில் அவளுக்குப் பெயர் கடுகு. ஆள் குள்ளம், வாய் காரம், எதற்கெடுத்தாலும் வெடிப்பாள். இஸ்திரி மேசையில் அவளுக்கு ஈடாக ஆள் கிடையாது என்பது முதலாளிக்கே தெரியும். ஆனாலும் அன்று காலை விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்: "இன்னொரு துணி கெட்டுச்சுன்னா, நீ வீட்டோட இருந்துக்கலாம்." வேலை போன அவள் புருஷன் ஏற்கெனவே வீட்டோடுதான் இருந்தான். இரண்டு பேர் அப்படி இருக்க அந்த வீட்டுக்கு வக்கில்லை.

அவளுடைய இஸ்திரிப் பெட்டியில் சூட்டைக் குறைக்கும் திருகு பழுதாகி வெகு நாளாயிற்று. எவ்வளவு திருகினாலும் அது பாட்டுக்குக் கொதிக்கும். முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் ஒரு கந்தலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எந்தத் துணியையும் தொடுவாள். அன்று மதியம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று முதலாளி உயிரை வாங்கியதில் அந்தக் கந்தலை மறந்தாள். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டின் காலரில் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கோட்டுக்குச் சொந்தக்காரி வந்தாள். முன்பின் பார்த்திராத பெண். முதலாளி கோட்டை எடுத்தார், காலரைப் பார்த்தார், கடுகைப் பார்த்தார்.

"யாரு செஞ்ச வேலை இது?"

கடுகு பெட்டியைக் கீழே வைக்காமலே அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"அது நான் வீட்டுல வெச்ச சூடு," என்றாள் அந்தப் பெண். "அழுக்கு எடுக்கத்தான் குடுத்தேன்." கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டாள்.

கடுகு பின்வாசல் வழியாக ஓடி, பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்தாள். நன்றி சொல்லத்தான் ஓடினாள். வாயில் வந்தது வேறு.

"எதுக்கு மேடம் பொய் சொன்னீங்க? நானா கேட்டேன்?"

"நீ கேக்கல. உன் மூஞ்சி கேட்டுச்சு."

"கோட்டைக் குடுங்க. காலரைப் பிரிச்சுத் திருப்பித் தெச்சுத் தர்றேன்."

"வேண்டாம்மா. நான் இந்த ஊரே இல்ல. செய்யணும்னு கை அரிச்சா வேற யாருக்காவது செய்." பஸ் வந்தது. ஏறிப் போயேவிட்டாள்.

வேறு யாருக்காவது செய்யணுமாம்! சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன? தொண்டையில் முள் சிக்கியது போல அந்த உபகாரம் கடுகை உறுத்திக்கொண்டே இருந்தது. யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் ஏறியது. அந்தப் பொய் அவளைக் காப்பாற்றியது சரி, கூடவே முதலாளியையும் அல்லவா காப்பாற்றிவிட்டது? கோட்டில் சூடு வைத்தது அந்த மனுஷனின் கஞ்சத்தனம். பழியை எவளோ ஒருத்தி சுமந்துகொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். பெட்டி மட்டும் அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த 'வேறு யாராவது' ரேடியோவாக இருப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ரேடியோ என்பவர் துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வயதானவர். நடப்பதையெல்லாம் முதலாளி காதில் ஒலிபரப்புவதால் அந்தப் பெயர். முன்பு ஒருமுறை கடுகு கருக்கிய கைக்குட்டை விஷயம்கூட அப்படித்தான் முதலாளி அறைக்குப் போனது. அவரைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துணிகளை மெஷினில் போடுமுன் பாக்கெட்டுகளைத் துழாவ முன்பெல்லாம் ஒருத்தி இருந்தாள். வீண் செலவு என்று முதலாளி அவளை அனுப்பிவிட்டார். அந்த வேலையும் ரேடியோ தலையில் விழுந்தது. ஒருநாள் காலை, ஓட்டல் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளோடு ஒரு பேனாவும் மெஷினுக்குள் போய்விட்டது. கதவைத் திறந்தால் எல்லாம் நீலம். சாயங்காலம் ஓட்டல் வண்டி வந்து நிற்கும்.

"கண்ணு தெரியலன்னா வீட்டுல கெட! நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராதே!" என்று முதலாளி குதித்தார். ரேடியோ ஈரக் கையோடு சுவரைப் பார்த்து நின்றார். இந்த வயதில் அவரை வேறு எவன் வேலைக்குச் சேர்ப்பான்?

நல்லா வேணும் என்றுதான் கடுகு முதலில் நினைத்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. 'பேனா என்னோடது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் இந்த முதலாளி மறுபடியும் கையைக் கழுவிக்கொள்வார் என்று நினைத்ததுமே அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பெட்டியை மேசையில் ணங்கென்று நிறுத்தினாள்.

"பேனாவை விட்டது அவரு இல்ல சார், நீங்க! பாக்கெட் பாக்குறவளை யாரு அனுப்பினது? ஒரு ஆளு எத்தனை மெஷினுக்குத்தான் ஓடுவாரு? அன்னைக்கு அந்தக் கோட்டைக் கருக்கினதும் நான்தான். அந்தம்மா எனக்காகப் பொய் சொன்னாங்க. ஆனா பெட்டி கெட்டுக் கெடக்குன்னு உங்ககிட்ட எத்தனை தடவை கத்தினேன்?"

முதலாளி முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். அதுதான் பயமாக இருந்தது.

"ஓ, அப்படியா? பெரியவரே, நீங்க இருங்க. இவ கிளம்பட்டும்."

கடுகு ஏப்ரனின் முடிச்சைத் தேடினாள். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? கிழவர் தப்பித்தார், இனி எதற்கு வாயைத் திறக்கப் போகிறார்? போயும் போயும் இந்த ஆளுக்காகவா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரேடியோ சுவரைவிட்டுத் திரும்பினார். "பாக்கெட்டுக்கு ஆள் வேணும்னு நானும் கேட்டேன் சார்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அவ போனா நானும் போறேன். வண்டிக்காரன் வந்தா நீங்களே பேசிக்குங்க."

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷினுக்குள் நீலமாகக் கிடந்த கோட்டுகளையும் பார்த்தார். கறை எடுக்கவும் தேய்க்கவும் அவருக்கு வேறு நாதியில்லை. "போய் ஆக வேண்டியதைப் பாருங்க," என்று உறுமிவிட்டு அறைக் கதவை அறைந்து சாத்தினார்.

இருவரும் கோட்டுகளைத் தரையில் குவித்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து உட்கார்ந்தார்கள்.

"உன்னைப் பத்தி என்னென்னவோ போட்டுக் குடுத்திருக்கேன்," என்றார் ரேடியோ. "நீ போய் எனக்காக..."

"தெரியும். அந்தக் கோவம் இன்னும் அப்படியேதான் இருக்கு. நன்றி கின்றின்னு ஆரம்பிச்சீங்க, இந்த ஸ்பிரிட்டை உங்க தலையில ஊத்திடுவேன். அடுத்து அவரு யாரையாவது கத்தினா வாயைத் தெறங்க. எனக்கு அது போதும்."

ரேடியோ குவியலில் பாதிக்கு மேல் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் கடுகுக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது.

"யோவ், எல்லாத்தையும் நீயே இழுத்துக்கிட்டா நான் எதைத் தேய்க்கிறது?" என்று தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டாள்.