ரேமண்ட் வீட்டு பாய்லர்

பள்ளிக்கூடச் சமையலறையில் லொரேன் பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்த போன் துடித்தது. பெத்தனி. லொரேனின் தம்பி ரேமண்ட் வாழ்ந்து செத்த வீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பவள்.

"லொரேன், பாய்லர் நின்னு போச்சு. ஹீட்டிங்கும் இல்ல, வெந்நீரும் இல்ல. ஐவிக்கு ஏற்கெனவே சளி."

"சாயங்காலம் வந்து பாக்கறேன் கண்ணு. அதுவரைக்கும் குழந்தைக்கு ரெண்டு சட்டையாப் போட்டு வை."

"ரெண்டு என்ன, நாலு போட்டாச்சு."

இங்கிலாந்தின் கடலோர ஊரான கிரிம்ஸ்பியில் அந்த வாரம் கடல்காற்று எலும்பைத் துளைத்தது. கழுவிப்போட்ட படிக்கட்டுகூடப் பனிக்கட்டியாய் மினுங்கியது. வேலை முடிந்ததும் லொரேன் கோட்டைக்கூடச் சரியாகப் போடாமல் பஸ் பிடித்தாள்.

பெத்தனியும் அவள் கணவன் கோரியும் சமையலறைச் சுவரில் தொங்கிய பாய்லர் முன்னால், உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வந்தவர்கள் போல நின்றிருந்தார்கள். லொரேனுக்கு பாய்லரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனாலும் வீட்டுச் சொந்தக்காரி ஆகிவிட்டாளே, பஸ்ஸில் வரும்போதே போனில் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

முதலில் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டுக்கு பேட்டரி மாற்றினாள். அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தாள். நீலமாய் எரிந்தது, ஆக கேஸ் வருகிறது. பாய்லரின் அடியிலிருந்த அழுத்தமானியின் முள் ஒன்றுக்கும் கீழே கிடந்தது. கோரி தரையில் மண்டியிட்டு, தண்ணீர் நிரப்பும் சின்னக் குழாயின் திருகைத் திறந்தான். முள் மெல்ல ஏறி ஒன்றரையில் நின்றது. ரீசெட் பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஏதோ 'டிக், டிக்' என்றது. பிறகு சிவப்பு விளக்கு.

"வெளிய ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் போகும், பாத்தியா? உள்ள ஊறுற தண்ணி அது வழியாத்தான் வெளியேறும். இந்தக் குளிருல அது உறைஞ்சு அடைச்சுக்குமாம்," என்றாள் லொரேன்.

கோரி கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தாதே, குழாய் வெடிச்சிரும்! வெதுவெதுப்பா ஊத்து!"

மூன்றாவது கெட்டிலில் குழாய் களகளவென்று இருமியது. கரும்புத்துண்டு போல ஒரு பனிக்கட்டி சாக்கடையில் விழுந்தது. ரீசெட் அழுத்தினார்கள். பாய்லர் முனகி, எரிந்தது. பெத்தனி குழந்தையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். லொரேன் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் பாய்லர் மறுபடி அணைந்துவிட்டது.

அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மூடியைக் கழற்றுவது உரிமம் உள்ளவனின் வேலை. மின்சார ஹீட்டர்கள் இரண்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விளம்பரத்தில் பார்த்த ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். பளபளக்கும் டேப்லெட்டும் வாசனைத் தைலமுமாய் வந்தவன் பாய்லரின் மூடியைத் திறந்தான், எட்டிப் பார்த்தான், மூடினான்.

"மெயின் போர்டு போயிருச்சும்மா. மாத்த நானூத்தி எண்பது பவுண்டு. ஆனா பதினோரு வருஷப் பாய்லருக்கு யாராவது அவ்வளவு செலவு பண்ணுவாங்களா? புதுசே போட்டுடலாம். ரெண்டாயிரத்து எழுநூறு. இன்னிக்கே கையெழுத்துப் போட்டா இருநூறு கழிச்சுக்கறோம்."

"போர்டுதான்னு எப்படிப்பா தெரிஞ்சுது?"

"வருஷக்கணக்கா பாக்கறோம்ல."

பார்த்துப் போனதற்கே தொண்ணூறு பவுண்டு வாங்கிக்கொண்டு போனான். லொரேன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ரேமண்ட் வீட்டோடு சேர்த்து வங்கிக் கடனையும் அவள் தலையில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தான். விற்றால் கடன் அடைவதோடு சரி, கையில் ஒன்றும் நிற்காது என்றார்கள். அதனால்தான் வாடகைக்கு விட்டாள். வருகிற வாடகை அப்படியே வங்கிக்குப் போகிறது. இதையெல்லாம் வாடகைக்கு இருப்பவர்களிடம் சொல்ல முடியுமா?

பெத்தனிக்கும் பொறுமை போய்விட்டது. "அந்த ரெண்டு ஹீட்டரும் ராத்திரி பூரா கரண்டைக் குடிக்குது, அதுக்கு யாரு கட்டறது? ரெண்டு வீடு வச்சிருக்கவங்களுக்கு ஒரு பாய்லர் போடறது என்ன பெரிய விஷயமா?"

கோரி அவள் கையைப் பிடித்தான். "ஏய், விடு."

"நான் ஏன் விடணும்? மாசாமாசம் வாடகை நிக்குதா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் லொரேனுக்கு வலித்தது. ஐவி மூக்கு ஒழுக, கம்பளியும் தொப்பியுமாய், பொட்டலம் போல நாற்காலியில் கிடந்தாள். லொரேன் குழந்தையின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். மீன் மாதிரி சில்லிட்டிருந்தன.

"கிளம்புங்க," என்றாள்.

"எங்கே?"

"எங்க வீட்டுக்கு. சரியாகற வரைக்கும் அங்கதான். பால்புட்டி, தொட்டில், துணிமணி, எல்லாத்தையும் எடுத்துக்க."

லொரேனின் கணவன் கிளைவ் முப்பது வருஷம் மீன் ஆலையின் குளிர்அறையில் வேலை பார்த்து, நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். கோட்டும் மப்ளருமாக, முழங்காலில் போர்வையோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர், வாசலில் தொட்டிலைக் கண்டதும் வாயைப் பிளந்தார்.

"என்னம்மா, பாய்லர் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயி குடும்பத்தையே பிடிச்சுட்டு வந்திருக்கே?"

"அவங்க இங்கதான் இருக்கப் போறாங்க. தள்ளி உக்காருங்க."

அந்த வீட்டில் ஹீட்டிங் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான். அன்று லொரேன் நேராகப் போய் அதை நாள் முழுக்க ஓடும்படி வைத்தாள். சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்கள் நெட்டி முறித்துக்கொண்டு சூடாயின. சற்று நேரத்தில் கிளைவ் மப்ளரைக் கழற்றினார். பிறகு கோட்டை. ஐவியைத் தன் வயிற்றின் மேல் உட்காரவைத்துக்கொண்டு, "இந்தா பாரு சின்னம்மா, நீ வந்ததுல எனக்குத்தான் லாபம். போன வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் என் கால்விரல் எனக்குத் தெரியுது," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பெத்தனி மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, கழற்றிப் போட்ட அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிறவள் கைகாட்டிய நைஜல் என்ற உரிமம் பெற்ற பாய்லர் மெக்கானிக் ரேமண்ட் வீட்டுக்கு வந்தார். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. கரண்டு பார்க்கும் மீட்டரை வைத்து அங்கங்கே தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், லொரேனைக் கிட்ட கூப்பிட்டார்.

"இதோ, போர்டிலேர்ந்து விசிறிக்குக் கரண்டு வருது. போர்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா விசிறி சுத்த மாட்டேங்குது, பாருங்க. புகையை வெளிய தள்ற விசிறி இது. இது சுத்தலேன்னா பாய்லர் பயந்துபோய் கேஸை மூடிரும். மூடணும். இல்லேன்னா உங்களுக்குத்தான் ஆபத்து."

"நேத்து வந்தவன் போர்டுன்னானே?"

"நான் நேத்து இங்க இல்லம்மா," என்று தும்மினார். "மேல புகைக்குழாய் ரப்பர் வெடிச்சு, தண்ணி சொட்டி விசிறி துருப்பிடிச்சிருக்கு. ரப்பரையும் மாத்திடுவோம், இல்லேன்னா புது விசிறியும் இதே கதிதான்."

"எவ்வளவு ஆகும்? முழுசாச் சொல்லிடுங்க. நடுவுல புதுசா எதுவும் சொல்லக் கூடாது."

"விசிறி நூத்தி அறுபது. ரப்பர் பத்து. என் கூலி, இன்னிக்குப் பாத்ததும் திங்கக்கிழமை மாட்டறதும் சேத்து நூத்தி இருபது. ஆக இருநூத்தித் தொண்ணூறு. மத்த சாமானுக்கும் பதினோரு வயசுதான், அதுல ஒண்ணு போகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இரும்பு உடம்பு நல்லா இருக்கு. இதைத் தூக்கிப் போடச் சொல்லி என் வாயால சொல்ல மாட்டேன்."

உதிரிபாகக் கடை திங்கட்கிழமைதான் திறக்கும். லொரேன் சரி என்றாள். இருநூற்றித் தொண்ணூறும் அவளுக்கு விளையாட்டுக் காசு இல்லை. கோடையில் கிளைவை அழைத்துக்கொண்டு ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போக எடுத்துவைத்திருந்ததைத் தொட வேண்டும். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதில் ஒரு தெம்பு இருந்தது.

ஞாயிறு காலை பெத்தனி ஐவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குழாயில் வந்த வெந்நீர் திடீரென்று பச்சைத்தண்ணீரானது. ரேடியேட்டர்களும் ஆறத் தொடங்கின.

"ஐயோ, இங்கயுமா?" என்று துண்டில் சுற்றிய குழந்தையோடு ஓடிவந்தாள். "லொரேன், உங்க பாய்லரும் போயிருச்சு!"

கோரிக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. அழுத்தமானியைப் பார்த்தான், சரியாக இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தான். பற்றவில்லை.

"கேஸே வரலியே?"

லொரேனின் முகம் சிவந்துபோனது. "பாய்லர் நல்லாத்தான் இருக்கு. நீங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கறேன்," என்று அவர்களைச் சமையலறையிலிருந்து வெளியே தள்ளப் பார்த்தாள்.

கிளைவ்தான் உண்மையைப் போட்டு உடைத்தார். "மூடி மறைக்கறதுக்கு இதுல என்ன இருக்கு? மீட்டர்ல பணம் தீந்துபோச்சுப்பா. எங்களது கார்டு மீட்டரு. கடையில கார்டுல காசு போட்டாத்தான் கேஸு. அவசரத்துக்குக் கம்பெனிக்காரன் குடுக்கற கடனையும் நேத்தே தின்னாச்சு."

"உங்களை யாரு கேட்டா?" என்று சீறினாள் லொரேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு அழைத்துவந்த குழந்தையையும் குளிரில் உட்கார வைத்துவிட்டோமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

மீட்டருக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த கார்டைக் கோரி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "பால் வாங்கணும், கடைக்குப் போய்ட்டு வரேன்," என்றான். பால் ஃப்ரிட்ஜில் இரண்டு பாட்டில் இருந்தது.

அவன் போனதும் பெத்தனி, குழந்தையைக் கிளைவிடம் கொடுத்துவிட்டு, துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு லொரேன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? வீட்டுக்காரி வாயைத் திறந்து காசு இல்லேங்கறான்னா யாரு நம்புவா? பொய் சொல்றான்னுதான் நீ நினைச்சிருப்பே."

பெத்தனி யோசித்தாள். "நினைச்சிருப்பேன்தான்," என்றாள். "அன்னிக்கு ரெண்டு வீடுன்னு சொன்னேன்ல. மன்னிச்சுக்கங்க."

"நீ கேட்டது நியாயம். உன் குழந்தை குளிர்ல கிடந்துச்சு. நான் உன் இடத்துல இருந்தா இன்னும் கத்தியிருப்பேன்."

"ஆமா, இவ கத்துவா," என்று உள்ளேயிருந்து கிளைவின் குரல் வந்தது. "தெருவே கேட்கும்."

கோரி திரும்பி வந்து கார்டை மீட்டரில் செருகினான். பாய்லர் எரிந்தது. எவ்வளவு போட்டான் என்று லொரேன் மீட்டரில் பார்த்தாள். முப்பது பவுண்டு. பர்ஸைத் திறந்தாள். கோரி இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"மூணு நாளா உங்க சாப்பாட்டைத் தின்னுட்டு இருக்கோம். ஹோட்டல்ல தங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வாடகைக்கு இருக்கறவங்ககிட்ட நான் காசு வாங்க மாட்டேன்."

"மாசாமாசம் வாங்கறீங்களே!" என்றான் கோரி. லொரேன் அழுகையோடேயே சிரித்துவிட்டாள். அன்று மதியம் மாட்டிறைச்சியை வறுத்து, யார்க்‌ஷயர் புட்டிங்கும் செய்தாள். கிளைவ் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை நைஜல் விசிறியை மாட்டினார். சொன்ன காசுக்கு மேல் ஒரு பென்னி கேட்கவில்லை. வெளியே போகும் வெள்ளைக் குழாய்க்கு, மறுபடி உறையாமலிருக்கப் பஞ்சுறை போடச் சொன்னார். கோரி அன்றைக்கே வாங்கி வந்து சுற்றினான். அந்தச் செலவை மட்டும் வாடகையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று லொரேன் பிடிவாதம் பிடித்தாள். அவனும் சரியென்றான்.

சாயங்காலம் தொட்டிலைக் காரில் ஏற்றினார்கள். ஐவி கிளைவின் சுண்டுவிரலை விடாமல் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். பெத்தனி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா," என்றார் கிளைவ். "சும்மா வா. பாய்லர் கெட்டாத்தான் வரணும்னு சட்டமா?"

கார் போனதும் வீடு ஓவென்றிருந்தது. லொரேன் வழக்கம்போல ஹீட்டிங்கை ஒரு மணி நேரத்துக்குத் திருப்பிவைக்கப் போனாள். கிளைவ் கழற்றிவைத்த கோட்டை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை.

அவள் திருகில் கைவைத்தபடி சற்று நேரம் நின்றாள். பிறகு இரண்டு மணி நேரம் என்று வைத்துவிட்டு, தேநீர் போடப் போனாள்.