சுவருக்கு அந்தப் பக்கம் பூதத்தான்

தாராவியில் தோல்பை தைக்கும் பூதத்தானின் வீடு வெளியிலிருந்து அளந்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, உள்ளே அளந்தால் பத்துக்கு இருபத்தெட்டு. கல்யாணமான புதிதில், மனைவி கீதா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு நாவலை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கீதா பம்பாயிலேயே பிறந்து இந்தி ஸ்கூலில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. கதையில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறும் இடத்தில் அவர் புத்தகத்தை மூடப்போக, “இன்னும் ரெண்டு பக்கம் வாசிங்க” என்றாள். அன்று கால் நீட்டிப் படுத்தபோது எதிர்ச்சுவர் காலில் இடிக்கவில்லை. அதன் பிறகு படிக்கப் படிக்கச் சுவர் பின்னால் போயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் பதினாறு அடி கூடி, மகள் ஷாலினிக்குக் கட்டிலும் பூதத்தானுக்குப் புத்தக அலமாரியும் அங்கே வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தையல்காரர் இனாயத்துல்லாவின் வீடு ஓர் அங்குலமும் குறையவில்லை என்பதால் சண்டை எதுவும் வரவில்லை. ஒருமுறை பூதத்தான் டைபாய்டில் கிடந்து படிக்காமல் இருந்தபோது மட்டும் சுவர் நாளைக்கு இரண்டடி திரும்பி வந்தது. எதையும் தள்ளாமல், மூலையில் கிடந்த ஸ்டூலைத் தாண்டி வந்து நின்றது. உடம்பு தேறியபின் படித்துத்தான் ஸ்டூலை மீட்டார்கள்.

போன வருஷம் புதுக் கட்டடத்துக்காக வீடுகளை அளக்கப் போகிறார்கள் என்றார்கள். சந்தில் எல்லோருக்கும் பாரம் எழுதிக் கொடுக்கும் கணேசபாண்டியன் கீதாவைக் கூப்பிட்டு, “எக்கா, பேப்பர்ல பத்துக்குப் பன்னெண்டு. டேப்பு இருபத்தெட்டு காட்டுச்சின்னா ஒங்க பேரு பெண்டிங்லதான் கெடக்கும், பாத்துக்கோங்க” என்றார். கீதா பயந்துபோய், எட்டு நாள் படிக்காதீங்க என்று கணவரிடம் சொன்னாள். பூதத்தான் கையிலிருந்த புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். சுவர் வர வரச் சாமான்களை முன்னால் இழுத்துப் போட்டார்கள். எட்டாம் நாள் காலை கீதா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவர் அலமாரியோரம் உட்கார்ந்து புத்தகங்களைத் திறக்காமல் விரலால் தடவிக்கொண்டிருந்தார். குடத்தோடு அவள் திரும்பியபோது சுவர் பன்னிரண்டாவது அடியில் நின்றது. அலமாரியும் அவரும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள்.

அளக்க வந்தவர்கள் டேப் பிடித்தார்கள், அளவு சரியாக இருந்தது. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். “இதரிச் ஹை, சாப்” என்று, இங்கேதான் இருப்பதாகச் சுவருக்குள்ளிருந்து பூதத்தான் சொன்னார். ஆஜர் என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

கீதா சுவரைத் துளைக்கச் சொன்னாள். துளை இனாயத்துல்லா தொங்கவிட்டிருந்த ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் போய்த் திறந்தது. அம்மாவைப் போலவே தமிழ் எழுத்து தெரியாத ஷாலினி போனில் ஒரு தமிழ்க் கதையை ஓடவிட்டாள், சுவர் அசையவில்லை. கீதா இந்தி நாவல் வாங்கிப் படித்தாள், சுவருக்கு இந்தி எடுபடவில்லை. அவள் சமையலுக்குப் போகும் மாட்டுங்கா வீட்டு மகாதேவன், பாங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்பது பக்கம் அழகாகப் படித்தார். வீட்டு ஆள் இல்லையே, பலிக்கவில்லை. “நேக்கு வேற ஒண்ணும் தோணலை கீதா. இந்தப் புஸ்தகம் இங்கேயே இருக்கட்டும்” என்று வைத்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

அங்கே பசிக்கவில்லை என்று பூதத்தான் சொன்னதுதான் கீதாவுக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் மகாதேவன் வைத்துப்போன நாவலை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, எழுத்தை ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டாள்.

“முன்னாடி ஒரு கொம்பு நிக்கிங்க.”

“ஒத்தையா, ரெட்டையா?”

“மேலயும் கீழயும் சுழிச்சிருக்கு.”

“அப்பம் ரெட்டை. நீட்டிச் சொல்லணும்ட்டி.”

“நாப்பத்திநாலு வயசுல என்னைய ஒண்ணாங் கிளாஸ்ல ஒக்கார வச்சிட்டீங்க.”

“நீதான என்னைய கிளாஸுக்கு வெளிய நிறுத்துன” என்று சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு பக்கம் முடிக்க நாலு நாள் ஆயிற்று. பக்கம் முடிந்தால் சுவர் ஒரு விரல்கடை போகும். ஆனால் அந்தப் பக்கம் பூதத்தானும் படித்துக்கொண்டிருந்தார், அங்கேயும் இடம் கூடிக்கொண்டிருந்தது. இவள் ஒரு விரல்கடை முன்னேறினால் அவர் குரல் ஒரு முழம் தள்ளிக் கேட்டது. படிக்காதீங்க என்று இன்னொரு தரம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தை மாதம் திலக் நகரிலிருந்து ஷாலினியைப் பெண் பார்க்க வந்தார்கள். கீதா மீட்டிருந்த மூன்றடியில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. பெண்ணோட அப்பா எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். கீதா சுவரைக் காட்டினாள். அந்த அம்மாள் எழுந்து சுவரைக் கும்பிட்டார். “வாங்க மதினி, தோதா ஒக்காருங்க” என்று வெகு தூரத்திலிருந்து பூதத்தான் சொன்னார். நல்ல நாளில் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்க முடியாத வருத்தம் அந்தக் குரலில் தெரிந்தது.

அன்றைய பக்கத்தில் ஆறு வரி பாக்கி இருந்தது. கீதா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புத்தகத்தை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். கதையில் ஒருத்தி பெட்டியோடு ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாள். வண்டி வந்தது. பக்கம் முடிந்தது. வந்தவர்களின் கையில் காபி ஆறிப்போயிருந்தது.

“ஏறுனாளா இல்லியா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

“தெரியலியே மதினி. அதுக்கு நாலு நாளாவும்.”

“அப்பம் நாலு நாள் கழிச்சி வாறோம், பூ வச்சிருவோம்” என்று சொன்ன அந்த அம்மாள், சுவர் ஒரு விரல்கடை பின்னால் போனதைப் பார்த்து, தன் நாற்காலியையும் அந்த அளவுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.