முப்பத்தாறு கல்லும் எண்பத்திரண்டு மார்க்கும்

ஆரல்வாய்மொழியில் பப்படம் போட்டு விற்கும் சண்முகவடிவு, பள்ளிக்கூடத்தில் எண்பது மார்க்கைக் கண்ணால் கண்டதில்லை. நாற்பத்தாறு வயதில் அந்த எண்பது திரும்பி வந்து அவள் கழுத்தைப் பிடித்தது. சிறுதொழில் பயிற்சித் திட்டத்தில் நூற்றுக்கு எண்பது எடுத்தால், பப்படம் அழுத்தும் மெஷின் இலவசம். எழுபத்தொன்பது எடுத்தால் கைதட்டல் மட்டும். கூட வேலை செய்யும் சுனிதாவுக்கும் ஜாஸ்பினுக்கும் உளுந்து மாவைப் பரத்திப் பரத்தி மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. மெஷின் வந்தே ஆகவேண்டும்.

பயிற்சி கொடுக்கவும் மார்க் போடவும் வந்தவன் ஜெனித். திருவட்டாறில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து, பெங்களூரில் ஏசிக்குக் கீழே உத்தியோகம் பார்த்தவன். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். தங்கமான பையன்தான். ஆனால் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவனுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, பாவம்.

சித்திரையில் ஒருநாள் சிவப்பு ஸ்டிக்கரோடு வந்தான். தேவையில்லாத பொருளில் எல்லாம் அதை ஒட்ட வேண்டுமாம். முற்றத்தில் மூன்று பெரிய பாய்களில் பப்படம் காய்ந்தது. பப்படத்தின் மேல் கொசுவலை, வலையைச் சுற்றிப் பாய்க்குப் பன்னிரண்டு கல்.

"இந்தக் கல்லை வைக்க, எடுக்க, தினமும் நாப்பது நிமிஷம் போகுது மேடம். எதுக்கு இது?"

"காத்துக்கு சார்."

ஜெனித் விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தான். ஓர் இலைகூட அசையவில்லை. மலையடியில் காற்றாலைகள் கையை விரித்துக்கொண்டு நின்றன.

"அதுவும் உற்பத்தி இல்லாமதான் நிக்குது" என்று வருத்தப்பட்டான்.

"வைகாசி பாதியில வந்துரும் சார். வந்தா ஆளையே தூக்கிரும்லா!"

"எல்லாப் பழக்கத்துக்கும் ஒரு காரணம் சொல்லுவாங்க மேடம். கல்லு இருந்தா பத்து மார்க் குறைப்பேன்."

மார்க் என்று காதில் விழுந்தால் போதும், சண்முகவடிவு ஆறாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுவாள். ஸ்டிக்கர் ஒட்டிய முப்பத்தாறு கல்லையும் அவளே சுமந்து வேலிக்கு அந்தப் பக்கம் போட்டாள். புத்தி கெட்ட வேலை என்று அவளுக்கே தெரியும்.

வைகாசி பாதியில் கடைசி ஆய்வு. பத்து மணிக்குத் திட்ட அதிகாரியம்மா வருகிறார். காலையிலேயே சண்முகவடிவு மலையடியைப் பார்த்துவிட்டு மற்ற இருவரையும் கூப்பிட்டாள்.

"ஏட்டி, கல்லுதான் ஆகாதுன்னாரு. ஆளு ஆகாதுன்னு சொல்லலைல்லா? ஆளுக்கொரு பாயில வலையப் பிடிச்சிட்டு இரிங்க."

மூன்று பேரும் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒன்பதரைக்கு வந்த ஜெனித், 'சும்மா இருப்பவர்கள்' என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினான்.

"மொத்தம் எண்பத்திரண்டு மேடம். ஆளுக்கு ஒண்ணு குறைச்சா எழுபத்தொன்பது. எழும்புங்க, அழிச்சிடுறேன்."

"எழும்பினா சங்கடம் சார்."

"எழும்பலைன்னா மெஷின் இல்ல."

எழும்பினார்கள்.

"எக்கா, சுத்துது!" என்று சுனிதா மலையடியைக் காட்டினாள். காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கின.

முதலில் இரண்டு பாய்களின் வலை போனது. பிறகு பப்படம், நூறு நூறாக. திருநெல்வேலி பஸ்ஸின் ஜன்னல் வழியாகச் சில ஏறிக்கொண்டன. ஈரம் காயாத ஒன்று ஜெனித்தின் நெற்றியில் அப்பியது. அவன் மூன்று மாதமாக வரைந்த உற்பத்தித்திறன் சார்ட் கிழக்கே முப்பந்தல் ஊரைப் பார்த்துக் கிளம்பியது. கூடவே அவன் வாயிலிருந்த 'மேடமும்' பறந்துபோனது.

"எக்கா! கல்லு கொண்டு வாருங்க எக்கா!"

கத்திக்கொண்டே, மிஞ்சிய கடைசிப் பாயின் மேல் குப்புற விழுந்தான். இரு கைகளால் இரண்டு மூலை, கால்களால் மற்ற இரண்டு. பெண்கள் மூவரும் வேலியைத் தாண்டி ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜீப் வந்து நிற்க வேண்டுமா? அதிகாரியம்மா புடவையைப் பிடித்தபடி இறங்கி, பாயின் மேல் பல்லி மாதிரி ஒட்டிக் கிடந்தவனைப் பார்த்தார்.

"ஜெனித், என்ன இது? சும்மா படுத்துக் கிடக்கீங்க?"

"சும்மா இல்ல மேடம்." அவன் குரலில் அழுகையே வந்துவிட்டது. "வேலை பாக்கேன்."

சண்முகவடிவு மடி நிறையக் கல்லோடு வந்து, அவன் கையருகே ஒன்றை வைத்தாள். "இனி கையை எடுக்கலாம் சார்."

"இன்னும் ரெண்டு வைங்க எக்கா."

பன்னிரண்டு கல்லும் வைத்த பிறகுதான் எழுந்தான். வயிற்றுக்கடியில் சிக்கியிருந்த மார்க் தாளை எடுத்தான், மூன்றை அடித்துச் சுழி போட்டான், எண்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டான். ஒரு கல்லிலிருந்து 'தேவையில்லை' ஸ்டிக்கரை உரித்து, எங்கே போடுவதென்று யோசித்து, ஸ்டாப்வாட்ச் மேல் ஒட்டிக்கொண்டான்.

சண்முகவடிவு தாளை வாங்கினாள். எண்பத்திரண்டு! தாளை மாவு மேசையில் வைத்து, இருப்பதிலேயே பெரிய கல்லைத் தேடி எடுத்து வந்து அதன்மேல் வைத்தாள்.