காப்புக் கட்டிய வாரம்

வெள்ளிக்கிழமை எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். அண்ணன் வல்லரசும் கட்டிக்கொண்டார். மறுநாள் அவருக்கு இடது கண் ஓரத்தில் கறுப்பாகத் திரை இறங்கியது. அவர் மில் வேன் ஓட்டுகிறவர். தூசி என்று நினைத்து இரண்டு நாள் தண்ணீர் அடித்துக் கழுவினார். திங்கட்கிழமை ராஜபாளையத்திலேயே ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மில்லில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தவன் நான்தான் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

டாக்டர் மருந்து விட்டுப் பார்த்தார்.

"விழித்திரை உரியுது. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. அதுவும் உரியுறதுக்குள்ள விழித்திரை ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்ட போயிருங்க. இது என் கைக்கு மீறினது."

சீட்டில் 'உடனே' என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

மதுரையில் ஆள் இருந்தார். போன் போட்டதும் மறுநாள் காலையே வரச் சொன்னார்கள். ஓர் இரவாவது தங்க வேண்டும் என்றார்கள். சிக்கல் அங்கேதான். காப்புக் கட்டியவன் அடுத்த வெள்ளிக்கிழமை பூக்குழி இறங்கும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. போன வருடம் கருத்தையா மகன் ஒரு ராத்திரி கோவில்பட்டியில் தங்கினான். அந்த வாரம் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. பழி இன்னும் அவன் தலையில்தான் இருக்கிறது.

"ஏலே மாரி, ராத்திரி வீட்ல வந்து படுக்கிற மாதிரி ஒரு டாக்டரைப் பாருலே" என்றார் அண்ணன்.

"டாக்டர் என்ன டவுன் பஸ்ஸா, வீட்டு வாசல்ல நிக்க?"

மதினி பானுப்பிரியா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீங்களாவது சொல்லுங்க கொழுந்தனாரே. நான் சொன்னா சாமி குத்தம்னு கத்துதாரு."

நான் சொல்லவில்லை. சண்டை போட அலுப்பாக இருந்தது. போனில் தேடி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளினிக்கைப் பிடித்தேன். விழித்திரை டாக்டர் அங்கே மாதம் ஒரு ஞாயிறு வருவார். பஸ்ஸில் அரை மணி நேரம். இந்த மாதம் அவர் வருவது வருகிற ஞாயிறு. அதற்கு ஆறு நாள் இருந்தது. அண்ணன் முகம் தெளிந்தது.

"அம்புட்டு நாள் கண்ணு தாங்குமா? கேட்டுக்கிடுலே."

போனோடு வாசலுக்கு வந்து கிளினிக்கைக் கூப்பிட்டேன். கிளினிக் பெண், "பதினாலாவது டோக்கன் சார்" என்றாள். வேறெதுவும் கேட்காமல் வைத்துவிட்டேன்.

"தாங்குமாம்" என்றேன் உள்ளே போய்.

வியாழக்கிழமை திரை நடுவுக்கு வந்துவிட்டது. வலது கண்ணை மூடினால் எதிரே நிற்கிற ஆளுக்கு முகம் இல்லை. வெள்ளிக்கிழமை அண்ணன் பூக்குழி இறங்கினார். ஒரு கொப்புளம்கூட இல்லை. தெருவே மெச்சியது.

சனிக்கிழமை காப்பு அவிழ்க்கும்போது பூசாரி பொன்னுராஜ் கண்ணைப் பற்றிக் கேட்டார். மதினி எல்லாவற்றையும் சொன்னாள்.

"கிறுக்குப் பயலுகளா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அவுத்து விட்டிருப்பேனே. மகளுக்குப் பிரசவ வலின்னு இருளம்மா வந்து நின்னதும் அவ காப்பை அவுத்து விடலையா? தெனம் வந்து கையெழுத்துப் போட ஆத்தா என்ன போலீஸ் ஸ்டேஷனா?"

பூசாரியிடம் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பழைய சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். பிறகு கண்ணைப் பார்த்தார்.

"நடுப்பகுதி போயிருச்சு. இன்னைக்கே மதுரைக்கு வந்து சேருங்க, ஒட்ட வைக்கலாம். ஆனா இனி வேன் ஓட்டுற அளவுக்கு இந்தக் கண்ல பார்வை வரும்னு நம்பாதீங்க. ஆறு நாள் யார் இருக்கச் சொன்னது?"

"தம்பி நல்லா விசாரிச்சுட்டுத்தான் சார் சொன்னான்" என்றார் அண்ணன். "ஒங்க கிளினிக்லதான் தாங்கும்னு சொன்னாவளாம்."

டாக்டர் போன் எடுக்கிற முன்னறைப் பெண்ணைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் திட்டினார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்" என்றாள். அழுகிற குரல். என்னைத்தான் பார்த்தாள்.

நான் சுவரில் மாட்டியிருந்த, கண் சோதிக்கிற எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிவரை எனக்கு நன்றாகத் தெரிந்தது.