மேல்மாடி விளக்கு

விடிந்து, பக்கத்து வீட்டில் பனி தள்ளும் சத்தம் தொடங்கிய நேரத்தில் ஜின்சாகு இறந்துபோனார். மகள் கினுயோ கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கஞ்சியை மூடி வைத்தாள்.

டாக்டர் வந்து போனார். போகிற வழியில் டோகுஜியிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர்தான் முதலில் வந்தார். ஊர்க் கமிட்டித் தலைவர். அப்பாவோடு பள்ளிக்கூடம் போனவர். கினுயோ அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

இருவருமாக ஜின்சாகுவை ஊர் வழக்கப்படி வடக்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். முகத்தில் வெள்ளைத் துணி போட்டார்கள். கினுயோ தீட்டுப் படாமல் சாமி மாடத்தை வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டு, அவர் தலைமாட்டில் ஊதுபத்தி ஏற்றினாள். உடலை எடுக்கும்வரை அது அணையக் கூடாது. ஒன்று தீருமுன் அடுத்தது.

டோகுஜி கும்பிட்டார். கும்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்குன்னு பார்த்துப் போயிருக்கான் பாரு," என்றார். "என் கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான். காய்ச்சல்னு படுத்துக்கிட்டான்."

கினுயோவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது.

அன்று விளக்கு நாள். இருட்டியதும் கமிட்டி மணி அடிக்கும். நாணல் கூரை வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் மேல்மாடி விளக்கைப் போட வேண்டும். குன்றின் மேல் நின்று அதைப் பார்க்க எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். இடம் கிடைக்க இலையுதிர்காலத்திலேயே குலுக்கல். ஊர் பிழைப்பதே குளிர்காலத்தின் இந்தச் சில மாலைகளில்தான். கினுயோவின் வீடு நடு வரிசையில் நடு வீடு.

சாவு விழுந்த வீட்டில் அலங்கார விளக்கு போடுவதில்லை. கதவில் துக்கத் தாள் ஒட்டி, இருட்டாக வைத்திருப்பார்கள்.

"தாளை நாளைக்கு ஒட்டிக்கலாம்," என்றார் டோகுஜி. "பிக்குவும் நாளைக்குத்தான் வர்றார். இன்னைக்கு பஸ்ஸைத் தவிர எதையும் உள்ள விட மாட்டாங்க. ஒரு ராத்திரிதானே."

"அம்மா செத்தப்பவும் இதையேதான் சொன்னீங்க, மாமா."

அவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

அம்மா இறந்ததும் ஒரு விளக்கு நாளில்தான். அன்றைக்கு அப்பா ஏணியில் ஏறி விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். "நடுவுல இருட்டா இருந்தா பல்லு விழுந்த மாதிரி இருக்கும்," என்றார். கினுயோ அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "உங்களுக்கு நான் இப்படிப் பண்ண மாட்டேன்." அவர் "சரி" என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நான் போட மாட்டேன்," என்றாள் இப்போது. "அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரின்னார்."

டோகுஜி வெள்ளைத் துணியைப் பார்த்தார். "அவன் எதுக்குத்தான் சரின்னு சொல்லலை," என்றபடி எழுந்தார். வாசலில் பூட்ஸை மாட்டும்போது, "ஏப்ரல்ல உங்க கூரை," என்றார். "நாணல் கட்டி வச்சாச்சு. எல்லாரும் வந்துடுவாங்க."

மிரட்டலாகச் சொல்லவில்லை. ஒரு கூரையை மாற்ற ஊர் முழுக்க மேலே ஏற வேண்டும். யார் வீட்டுக் கூரைக்கும் அப்பா போகாமல் இருந்ததில்லை. அறை மூலையில் அவர் வைத்த வாளியில், கூரை ஒழுகி, உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் பஸ்கள் வந்தன. தெருவில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. யாரோ பனியில் வழுக்கி விழ, கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். கினுயோ கதவைத் தாழிட மறந்திருந்தாள். கதவு நகர்ந்தது.

மஞ்சள் ஜாக்கெட் போட்ட வெளிநாட்டுப் பெண். நாற்பது வயது இருக்கலாம்.

"டாய்லெட்?" என்றாள். குளிரில் கன்னம் சிவந்து, நிற்க முடியாமல் நின்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கினுயோ உள்பக்கம் கை காட்டினாள். அந்தப் பெண் அவசரமாகப் பூட்ஸைக் கழற்றினாள். போகும் வழி அப்பா இருந்த அறையை ஒட்டியது; அங்கிருந்து போர்வையும் கால்பக்கமும்தான் தெரியும். அங்கே அவள் சட்டென்று நின்றாள். உதட்டில் விரலை வைத்து, இரண்டு கைகளையும் கன்னத்தில் சேர்த்துத் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறாரா?

கினுயோ ஆமாம் என்று தலையாட்டினாள்.

யோசித்துச் செய்யவில்லை. ஆனால் செய்தாகிவிட்டது. அந்தப் பெண் நுனிக்காலில் போனாள், நுனிக்காலில் திரும்பி வந்தாள். ஜாக்கெட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, அவரைக் காட்டி, கினுயோவின் கையில் வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

கினுயோ மிட்டாயைத் தலைமாட்டில் வைத்தாள். உயிரோடிருக்கிறார் என்று ஒருத்தியிடம் சொன்ன பிறகு குன்றில் நிற்பவர்களிடம் மட்டும் வேறு என்ன சொல்வது? வாளியில் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தாள் ஒட்டிய ஜன்னலில் எதிர்வீட்டு வெளிச்சம் விழுந்தது. வெளியே ஆரவாரம் எழும்பி, பாதியில் தயங்கியது. யாரோ தெருவில் ஓடி வந்து வாசலில் நின்றார்கள். கதவைத் தட்டவில்லை. டோகுஜியின் மூச்சிரைப்பு அவளுக்குத் தெரியும்.

கினுயோ ஏணியில் ஏறினாள். மேலே பழைய நாணல் வாசனை. இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டாள்.

குன்றின் மேல் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள். சின்னச் சின்ன கேமரா வெளிச்சங்கள் மின்னின. எல்லாம் இந்தப் பக்கமே திரும்பியிருந்தன. அவள் ஜன்னலில் தெரியாதபடி பின்னால் நகர்ந்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது.

இறங்கி ஓடினாள். ஊதுபத்தி தீர்ந்திருந்தது. சாம்பல் வளைந்து மிட்டாய் உறைமேல் உதிர்ந்திருந்தது. புகை வாசனைகூட இல்லை.

அவள் புது ஊதுபத்தியை எடுத்தாள். தீக்குச்சி இரண்டு முறை ஒடிந்தது. மூன்றாவதில் பற்றியது.

"சரின்னீங்களேப்பா," என்றாள்.

வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.