பச்சை அடித்த தெரு

எங்கள் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிறதோ இல்லையோ, திட்டம் தவறாமல் வந்துவிடும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, அடுத்த முப்பது வருடத்துக்கு. அதற்கு வரைபடம் போடுகிறவள் நான். இது எனக்கு நான்காவது திட்டம். முந்தைய மூன்றும் அலமாரியில் தூங்குகின்றன. எங்கள் தலைமை அதிகாரிக்குப் பிரிவுக்குள் 'தொலைநோக்கு' என்று பெயர். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும். மேஜைமேல் கிடக்கிற ஃபைல் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

மூன்று திட்டத்திலும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நிலக்கரி கொட்டிவைக்கிற யார்டுக்கும் துறைமுகச் சுவருக்கு வெளியே உள்ள தெருவுக்கும் நடுவே மரம் வையுங்கள். அந்தத் தெருவில்தான் என் அக்கா இருக்கிறாள். வீட்டு முன்பக்கத்தில் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைக்கிறாள். உள்ளறையில் அத்தான் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். தூசியே படக்கூடாது என்றார் டாக்டர். அங்கே அது நடக்கிற காரியமா? காலையில் துடைத்த தட்டில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

மூன்று முறையும் "பார்க்கலாம்" என்றார்கள். கல்லில் நார் உரிக்கிற கதைதான். இந்தமுறை கடன் கொடுக்கிற வங்கி, சமூகப் பொறுப்பு என்று தனியாக ஓர் அத்தியாயம் கேட்டது. உடனே தொலைநோக்கே என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், உங்க மரம் வந்தாச்சு! முப்பது மீட்டர் அகலம். சந்தோஷமா?"

சந்தோஷம்தான். ஓடிப்போய் வரைபடத்தில் ஸ்கேலை வைத்தேன். யார்டுக்கும் சுவருக்கும் நடுவே எட்டு மீட்டர்தான் இருந்தது.

"இடம் எங்க சார் இருக்கு?"

"சுவருக்கு அந்தப் பக்கம் தாராளமா இருக்கே," என்று வரைபடத்தில் தெருவின்மேல் பச்சைப் பென்சிலால் அடித்தார்.

"அங்க தெரு இருக்கு சார். ஆளுங்க குடியிருக்காங்க."

"அதான் மாத்து வீடு தர்றோமே. யார்டுல கை வைக்க முடியாது மேடம். வருமானமே அதுலதான்."

அடப்பாவி! ஜனங்களைத் தூசியிலிருந்து காப்பாற்ற மரம். அந்த மரத்தை வைக்க அதே ஜனங்களைக் காலி செய்வதா? எட்டு மீட்டரிலேயே நடுங்கள் என்றேன். யார்டில் கொஞ்சம் கிள்ளித் தாருங்கள் என்றேன். கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மரம்னா வங்கி கேக்கறது முப்பது. ஒண்ணு மரம் இருக்கும், இல்ல தெரு இருக்கும். மரம் வேணாம்னா திட்டக் கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. பொறுப்பு அத்தியாயத்துக்கு ஒரு மருத்துவ வண்டி விட்டாப் போச்சு."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மரம் வேணுமா, வீடு வேணுமா?"

"என்னடி, வந்ததும் வராததுமா விடுகதை போடற?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"மாத்து வீடு எங்க?"

"ஊருக்கு வெளிய. நாலாவது மாடி. லிஃப்ட் அப்புறமா வருமாம்."

"நாலாவது மாடில யாருக்குடி நான் சோறு போடறது? காக்காவுக்கா? உங்க அத்தான் ரெண்டு படி ஏறினாலே உக்காந்துடறாரு."

"அங்க தூசி இருக்காதுக்கா."

"அடுப்பும் எரியாது."

உள்ளே அத்தான் இருமத் தொடங்கினார். அக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"மரத்த எடுத்துடச் சொல்லு," என்றாள் அக்கா.

இத்தனை வருடமாக மரம் மரம் என்று கத்தியவள், கூட்டத்தில் எழுந்து நின்று மரம் வேண்டாம் என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. தொலைநோக்கின் முகம் மலர்ந்தது.

"நல்ல முடிவு. அப்ப அந்த எட்டு மீட்டர் எதுக்கு சும்மா கிடக்கணும்? யார்ட சுவர் வரைக்கும் இழுத்துடலாம்."

"ஐயோ சார், அது இடைவெளி..."

"தெரு வேணும்னு கேட்டீங்க, தெரு இருக்கு. இன்னும் என்ன மேடம்?"

மருத்துவ வண்டிக்குக் கை தட்டினார்கள். எனக்கு மேலே சண்டை போடத் தெம்பில்லை. சுவர்வரை யார்டை நீட்டி, அந்தக் கோட்டை நானே போட்டேன்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே காத்திருந்தாள்.

"வீடு தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

என்னைக் கட்டிக்கொண்டாள். "கேட்டீங்களா, என் தங்கச்சி ஜெயிச்சுட்டு வந்திருக்கா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அக்கா, நிலக்கரிய சுவர் வரைக்கும் கொட்டப்போறாங்க. நம்ம சுவர ஒட்டி."

அவள் கைகள் தளர்ந்தன. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அடுத்த திட்டத்துல கண்டிப்பா மரம் கேக்கறேன்க்கா."

"கேளுடி," என்றாள். பிறகு உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அதுவரைக்கும் இவரு இருப்பாரா?"