தரை தொடாத மழை

இன்னும் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. மழையைத் துரத்திக்கொண்டு பாலைவனத்தில் ஓடிய மூன்று கிழவிகளின் கதையைச் சொல்கிறேன். மூவரில் ஒருத்தி நான். அதனால் பொய் கலக்க முடியாது. கலந்தால் டெல்ஃபினா சண்டைக்கு வந்துவிடுவாள்.

அரிசோனாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். டெல்ஃபினாவும் நானும் ஊரிலேயே தங்கிவிட்டோம். கிரசியேலா, எங்களுக்குச் செலா, கல்யாணமாகி ஓரிகனுக்குப் போனாள். முப்பத்தொரு வருடம். அங்கே கணவனைப் புதைத்தாள். பிறகு ஒரு காய்ச்சல் வந்து அவள் மூக்கின் வாசம் பிடிக்கும் சக்தியையும் கொண்டுபோய்விட்டது. காப்பி அவளுக்கு வெறும் சூடு, பீன்ஸ் வெறும் உப்பு.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்ட் மாதம் மூன்று நாள் பார்த்துவிட்டுப் போக வந்தாள். விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டாள்:

"நம்ம ஊரு மழை வாசம் மட்டும் எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னா, அங்க இருக்கற வீட்ட வித்துட்டு வந்துடறேன். தெரியலன்னா, இந்த மண்ணு என்னை மறந்துடுச்சுன்னு போயிடறேன்."

எங்கள் பாலைவனத்துக் கிரியோசோட் செடி நனையும்போது எழும் வாசத்தைச் சொல்கிறாள். எங்கள் பக்கம் முதல் தூறல் விழுந்தால் ஆபீசில் இருப்பவர்கள்கூட எழுந்துபோய் வண்டி நிறுத்துமிடத்தில் சும்மா நிற்பார்கள்.

இரண்டு நாள் ஒரு மேகம் இல்லை. மூன்றாம் நாள் மதியம் மேற்கே கறுத்தது. மறுநாள் காலை அவளுக்கு விமானம். டெல்ஃபினா பிக்கப் வண்டியைக் கிளப்பினாள். நடுவில் செலா, ஓரத்தில் நான், மடியில் காகிதத்தில் சுற்றிய புரீட்டோ ரொட்டிச் சுருள்கள்.

"மெதுவாப் போடி, எலும்பெல்லாம் கழண்டு கையில வருது" என்றேன்.

"உன் எலும்பு கழண்டு பத்து வருஷமாச்சு, எர்மா. மழைமேல பழியப் போடாத."

அறுபது மைல். மேகத்திலிருந்து சாம்பல் நிற மழைத்திரை தொங்கியது. செலா முன்கண்ணாடியைத் தொடுவதுபோல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அடியில் போய் நின்றபோது தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பாதி வழியிலேயே காய்ந்துபோகிற மழை. திரையின் அடி தரையைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூட மழையைத் துரத்தச் சைக்கிளை எடுப்பார்கள்.

"அடி வெறுமனே தொங்குனது உனக்குத் தெரியலயா?" என்றேன்.

"தெரிஞ்சுது" என்றாள் டெல்ஃபினா. "தொட்டுடும்னு நெனச்சேன்."

செலா இறங்கி ஒரு கிரியோசோட் கொப்பை ஒடித்தாள். சின்ன வயதில் செய்ததுபோல் இரண்டு கையாலும் பொத்தி, வாயால் சூடாக ஊதி, மூக்கைப் புதைத்தாள். ஈரமூச்சு பட்டாலே அந்த இலை மழைபோல் மணக்கும். நெடுநேரம் அப்படியே நின்றாள். கொப்பு அவள் கையிலிருந்து நழுவியது.

அப்போது தெற்கே மலையடியில் நிஜமான மழை இறங்கியது. செலா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"வருது. வாசம் வருது!" என்று கையைத் தட்டினாள்.

டெல்ஃபினா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பொய்க்காரி" என்றாள் டெல்ஃபினா, மெதுவாகத்தான். "காத்து நம்ம முதுகுல அடிக்குது. மழை அங்க இருக்கு. எங்களுக்கே இன்னும் வரலடி."

செலா வண்டியின் சூடான பின்பலகைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு இங்க வரணும்டி. ஒரு சாக்கு வேணும். வெறுமனே எப்படித் திரும்பி வர்றது?"

"கால் இருக்கில்ல? அது போதாதா?" என்றாள் டெல்ஃபினா.

காற்று திரும்பியது. அந்த வாசம் எங்கள் இருவர்மேலும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தது. முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது செலா எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சா?"

"ம்."

"எப்படி இருக்கு? சொல்லுங்கடி."

"புது பென்சில் சீவுன மாதிரி" என்றேன்.

"பென்சிலா! போடி. கொதிக்கற தார் ரோட்டுல எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி" என்றாள் டெல்ஃபினா.

"ரெண்டும் இல்ல" என்றாள் செலா. அழுதுகொண்டே சிரித்தாள். "எங்க அப்பா சுரங்கத்துலேர்ந்து வந்து சட்டைய வெளியில போடுவாரு. அது நனைஞ்ச மாதிரி."

தூறல் எங்கள்மேல் விழத் தொடங்கியது. யாரும் வண்டிக்குள் ஏறவில்லை.

மறுநாள் ஓரிகனுக்குப் போய்விட்டாள். வீடு விற்க ஒரு வருடம் பிடித்தது. இப்போது எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வாசம் இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் மேகம் கறுத்ததும் வந்து என் கதவைத் தட்டுவாள். மழை அவள் வீட்டிலும்தான் பெய்யும். அவள் வருவது என் முகத்தைப் பார்க்க. நானும் சொல்வேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று. அவள் மூச்சை இழுத்து இழுத்துத் தேடுவாள். அந்த நேரம் அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

உங்கள் வீட்டுக் கூரைமேல் காலம் தவறாமல் மழை இறங்கட்டும், கண்ணுகளா. அது தரையைத் தொடட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு எது இல்லாமல் போனாலும், அது எப்படி இருந்ததென்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.